எட்வின் ஜாக்சனுக்கு ஒரு வரி: அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் வேட்பாளர் பரிசீலனைக் குழுவில் இருக்கும் ஆறு பேருக்கும்,

வணக்கம்.

பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமின் 2025ஆம் ஆண்டு தேர்தலுக்கான வாக்குச்சீட்டில் 28 பெயர்கள் இருந்தன. அதில் 14 பேர் புதியவர்கள். இச்சிரோ இருந்தார், சி.சி. சபாத்தியா இருந்தார். நான் தேடிப்போன பெயர் மட்டும் இல்லை. ஒருவேளை கண்ணில் படாமல் போயிருக்குமோ என்று இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தேன். பிட்சர் (பந்தெறிபவர்) எட்வின் ஜாக்சன் அந்தப் பட்டியலில் இல்லை.

அதனால்தான் இந்த மடல். தமிழில் பேஸ்பால் பேசும் நண்பர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் பத்து சீசன் ஆடி, ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு ஆனவரின் பெயர் உங்கள் முன் வரும். ஆறு பேரில் இரண்டு பேர் முன்மொழிந்தால் அது வாக்குச்சீட்டில் ஏறும். ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் வெண்கலப் பலகை கிடைக்க அதற்கப்புறம் 75 சதவீத வாக்கு வேண்டும், 5 சதவீதம்கூடக் கிடைக்காதவர் சீட்டிலிருந்து விலகிவிடுவார். ஜாக்சனுக்குப் பலகை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சீட்டில் அவருக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

பேஸ்பாலில் இவரைப் போன்றவர்களை ஜர்னிமேன் என்பார்கள். தொழிலை முழுதாகக் கற்றவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவர், கூப்பிட்ட இடத்துக்குப் போய் நாள்கூலிக்கு வேலை பார்ப்பவர் என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். பட்டறை இல்லாததை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். தொழில் கற்றவர் என்பது மறந்துபோய்விட்டது.

ஜாக்சனின் அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். மகன் பிறந்தது மேற்கு ஜெர்மனியில், 1983இல். பிறந்தபோதே வீடு ஓரிடத்தில் நிலைக்காத பிள்ளை. 2001இல் அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை ஆறாவது சுற்றில் எடுத்தது. 2003 செப்டம்பர் 9, அவருடைய இருபதாவது பிறந்தநாள். அன்றுதான் ஃபீனிக்ஸில் முதல் ஆட்டம். எதிரணிப் பிட்சர் யார் தெரியுமா? ராண்டி ஜான்சன். ஆறடி பத்தங்குல உயரம், அதற்குள் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஐந்து. இந்தப் பையன் ஆறு இன்னிங்ஸ் எறிந்து ஒரே ஓட்டம் கொடுத்தான், ஆட்டத்தையும் ஜெயித்தான்.

அப்படித் தொடங்கியவர் டாட்ஜர்ஸிலேயே பதினைந்து வருடம் இருப்பார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. டாம்பா பே, டெட்ராய்ட், அரிசோனா, சிகாகோ வைட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ், வாஷிங்டன், சிகாகோ கப்ஸ், அட்லாண்டா, மயாமி, சான் டியேகோ, பால்டிமோர், ஓக்லண்ட், டொரண்டோ. டாட்ஜர்ஸையும் சேர்த்தால் மொத்தம் 14 அணிகள். மேஜர் லீகில் அதுவரை வேறு யாரும் இத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை.

இதில் ஒரு நாளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2010 ஜூன் 25. ஜாக்சன் அப்போது அரிசோனா அணியில். ஆட்டம் ஃபுளோரிடாவில், டிராபிகானா ஃபீல்டில். அதாவது டாம்பா பேயில் இருந்தபோது மூன்று வருடம் அவருடைய சொந்த மைதானமாக இருந்த இடம். தொடக்கம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. முதல் மூன்று இன்னிங்ஸுக்குள் ஏழு பேருக்கு வாக் (பந்து சரியான இடத்தில் வராததால் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகும் சலுகை) கொடுத்துவிட்டார். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்வதென்றால், பந்துவீச்சாளர் ஓவருக்கு ஓவர் வைடாகப் போட்டுக்கொண்டே இருந்தால் கேப்டன் முகம் எப்படி இருக்கும், அப்படி. மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரும் அவுட் ஆகாமலேயே, ஓட்டம் எடுக்கக் கடக்க வேண்டிய மூன்று பேஸிலும் ஆள் நின்றது. எந்த மேனேஜரும் அந்த நேரத்தில் அடுத்த பிட்சரைத் தயார் செய்யச் சொல்வார். அரிசோனாவிடம் அப்போது இருந்தது ஒரே ஓட்டம், இரண்டாவது இன்னிங்ஸில் ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன்.

அந்த இடத்தில் ஜாக்சன் ஓட்டம் கொடுக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு இன்னிங்ஸாக உருண்டது. பலகையில் ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேர்வது) என்ற கட்டத்தில் சுழியம் அப்படியே நின்றது. எறிந்த பந்துகளின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது, 100, 120, 130. ஒரு தொடக்கப் பிட்சர் 100ஐத் தாண்டினாலே தோளை நினைத்துக் கவலைப்படும் காலம் இது. அவர் மவுண்டை (பிட்சர் நின்று எறியும் மேடு) விட்டு இறங்க மனமில்லாமல் நின்றார். கடைசியில் ஜேசன் பார்ட்லெட் அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப் பக்கம் உருண்டுபோய் 27வது அவுட் ஆனபோது அவர் எறிந்திருந்தது 149 பந்து. எட்டு வாக், ஒரு ஹிட்டும் இல்லை (நோ-ஹிட்டர் என்பது இதுதான்), 1–0. அரிசோனா வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒருவர்தான் அப்படி ஒரு ஆட்டத்தை முடித்திருந்தார். 2004இல், அதே ராண்டி ஜான்சன்.

35 நாள் கழித்து அவரைச் சிகாகோவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதைத் துரோகம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை, இந்தத் தொழில் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு மனிதர் அதைச் சுமந்துகொண்டு அடுத்த ஊரில் அடுத்த வாரமே மவுண்டில் ஏற வேண்டும் என்பதை உங்களில் பலர் கிளப்ஹவுஸில் நின்று நேரில் பார்த்திருக்கிறீர்கள். மறு வருடம் 2011 ஜூலை 27 அன்று வைட் சாக்ஸ் அவரை டொரண்டோவுக்கு அனுப்பியது. டொரண்டோ அதே நாளில் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பியது. டொரண்டோவுக்காக அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. ஆனால் அக்டோபரில் மேஜர் லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை செயின்ட் லூயிஸ் ஜெயித்தபோது ஜாக்சன் அந்த அணியில் இருந்தார். நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர். அதில் தோற்றார், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அன்று டொரண்டோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்குப் போன அதே மூட்டையில் இன்னொரு பிட்சரும் இருந்தார், டொமினிக்கன் குடியரசின் ஒக்டாவியோ டோடெல். அடுத்த ஆண்டு அவர் டெட்ராய்ட் போய் 13 அணிகள் என்ற சாதனையை வைத்தார். 2018இல் ஜாக்சன் அதைச் சமன் செய்தார், 2019 மே மாதம் தாண்டினார். தாண்ட வைத்த 14வது அணி டொரண்டோ, 2011இல் சில மணி நேரம் மட்டும் அவரை வைத்திருந்த அதே அணி. இந்த முறை ஓக்லண்டிடம் பணம் கொடுத்து வாங்கியது.

டோடெலின் பெயரும் அவருடைய முறை வந்தபோது, 2019 சீட்டில், இல்லை. 2025 ஏப்ரலில் சாண்டோ டொமிங்கோவில் ஓர் இரவு விடுதியின் கூரை இடிந்து விழுந்ததில் அவர் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இந்தச் சீட்டுதான் ஞாபகம் வந்தது. 15 சீசன் மேஜர் லீகில் எறிந்த ஒரு மனிதர் தன் பெயரை அதில் அச்சில் பார்க்காமலேயே போய்விட்டார்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். ஜாக்சனின் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. இ.ஆர்.ஏ., அதாவது ஃபீல்டிங் பிழைகள் நீங்கலாக ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டம், 4.78. கப்ஸில் நான்கு வருடத்துக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு முதல் சீசனிலேயே 18 ஆட்டம் தோற்றார். 2015இல், ஒப்பந்தம் முடிய ஒன்றரை சீசன் இருக்கும்போதே கப்ஸ் அவரை அனுப்பிவிட்டது. எல்லாம் உண்மை. இதை வைத்துப் பார்த்தால் ஒருவரும் அவருக்கு வாக்களிக்க மாட்டார்கள். சரி.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓர் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஆட்டத்துக்கு ஒன்பது என்றால் 1,458 இன்னிங்ஸ். ஓர் அணியின் சிறந்த பிட்சர் இன்றைக்கு 200 இன்னிங்ஸ் எறிந்தாலே பெரிய விஷயம். மிச்சம் 1,258 இன்னிங்ஸை யார் எறிவது? ஜூன் மாதம் இரண்டு பேருக்கு முழங்கை போய்விட்டால், செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்துக்கு யார்? 2018இல் ஓக்லண்டுக்கு நடந்தது இதுதான். தொடக்கப் பிட்சர்கள் ஒவ்வொருவராகக் காயத்தில் விழுந்தார்கள். 34 வயது ஜாக்சனைக் கூப்பிட்டார்கள். 17 ஆட்டம் தொடங்கினார், ஆறு ஜெயித்தார், மூன்று தோற்றார், இ.ஆர்.ஏ. 3.33. அந்த அணி 97 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃப் போனது. அதே மனிதர் 2007இல் டாம்பா பேயில் ஐந்து ஜெயித்துப் பதினைந்து தோற்றவர், அடுத்த வருடமே 14 ஜெயித்து அந்த அணியோடு உலகத் தொடர் வரை போனவர்.

ஓர் அணி ஆளை வேண்டாம் என்று முடிவு செய்தால் 40 பேர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும். ஏழு நாளுக்குள் அவரை வேறு அணிக்குக் கொடுக்கலாம், மைனர் லீகுக்கு அனுப்பப் பார்க்கலாம், இல்லை விடுவித்துவிடலாம். அந்த ஏழு நாளும் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எந்த ஊரில் என்று தெரியாது. அத்தனைக்கும் நடுவில் கிட்டத்தட்ட 2,000 இன்னிங்ஸ், 1,500க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட், 17 சீசன்.

2025 சீட்டில் ஃபெர்னாண்டோ ரோட்னியின் பெயரைப் போட்டிருந்தீர்கள். அவரும் 11 அணிகள் சுற்றியவர், எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் அவருக்கு 327 சேவ் (முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் வந்து காப்பாற்றி முடிப்பது) என்ற பெரிய எண் துணைக்கு இருந்தது. கர்டிஸ் கிராண்டர்சன் பெயரும் இருந்தது. 2009 டிசம்பரில் டெட்ராய்ட், நியூயார்க் யாங்கீஸ், அரிசோனா மூன்றும் சேர்ந்து செய்த ஆள்மாற்றத்தில் கிராண்டர்சன் ஒரு பக்கம் போனார், ஜாக்சன் ஒரு பக்கம் போனார். இருவரும் கடைசியாக ஆடியது 2019இல். ஒருவர் பெயர் சீட்டில் ஏறியது, இன்னொருவர் பெயர் ஏறவில்லை. கிராண்டர்சனுக்கு அந்த வரி நியாயமானது, அதில் சந்தேகமே இல்லை. 14 அணிகள், ஒரு நோ-ஹிட்டர், ஓர் ஆல்-ஸ்டார் அழைப்பு, ஓர் உலகத் தொடர் மோதிரம், பின்னால் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. இதற்கும் ஒரு வரி நியாயம்தான். வாக்களிப்பவர்கள் பத்துப் பெயர்களுக்கு மேல் குறிக்க முடியாது, தெரியும். பரிசீலனைக்கு வைக்கும் பட்டியல் இன்னும் ஒரு வரி நீண்டால் யாருடைய இடமும் பறிபோகாது.

ஜாக்சனுக்கு உங்கள் வழியாக இனி வாய்ப்பு இல்லை. இன்னொருவருக்கு இருக்கிறது.

ரிச் ஹில், இடது கைப் பிட்சர். 2015இல், 35 வயதில், மேஜர் லீகில் இடமில்லாமல் லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற சுயேச்சை லீக் அணிக்குப் போய் இரண்டு ஆட்டம் எறிந்தார். அங்கிருந்து எழுந்து பாஸ்டனுக்கு வந்தார். 2017இல் டாட்ஜர்ஸுக்காகப் பிட்ஸ்பர்க்கில் ஒன்பது இன்னிங்ஸ் ஒரு ஹிட்டும் கொடுக்காமல் எறிந்துவிட்டு, பத்தாவது இன்னிங்ஸில் ஒரே ஹோம் ரன்னில் தோற்றார். 2025 ஜூலை 22 அன்று, 45 வயதில், கான்சாஸ் சிட்டி சட்டையில் சிகாகோ ரிக்லி ஃபீல்டின் மவுண்டில் ஏறினார். இருபது வருடம் முன்பு கப்ஸ் அணிக்காக மேஜர் லீகுக்கு வந்தவர், அன்று அதே கப்ஸ் எதிரணி. அது அவருடைய 14வது அணி, ஜாக்சனின் சாதனைக்குச் சமம். இரண்டு ஆட்டம் எறிந்தார், அப்புறம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவர் ஆட்டத்தை நிறுத்தி ஐந்து வருடம் ஆனதும் அவர் பெயர் உங்கள் மேசைக்கு வரும். அன்றைக்கு ஆறு பேரில் இரண்டு பேர் சரி என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பேஸ்பால் ரசிகன்