புலி, ஆடு, புல்லுக்கட்டு

அன்புள்ள கோபாலா,

திட்டாதே. பதினாலு மாதம் ஆகிவிட்டது, தெரியும். உன் இரண்டு கடிதங்களும் மேஜை மேலேயே இருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கின்றன. முட்டி வலி அப்படியேதான், சர்க்கரை பரவாயில்லை. சீனு வீட்டுக் கல்யாணத்துக்கு வராததற்கு நேரில் வந்து அவன் காலில் விழுகிறேன் என்று சொல்.

இப்போது எழுத வைத்தது நம் குட்டை வாத்தியார்தான். மகள் இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறாள் அல்லவா, போன வாரம் ரயிலில் யார்க்குக்குக் கூட்டிப்போனாள். கோட்டை மதிலும் பேராலயமும் பார்த்து முடித்துவிட்டு, அந்த ஊர்ப் பள்ளிகளின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். அதில் வந்து நிற்கிறது, நம் புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கணக்கு! புலிக்கு டிக்கெட் கேட்டு நீ வாங்கிய குட்டு ஞாபகம் இருக்கிறதா? இங்கே புலி ஓநாயாக இருக்கிறது, புல்லுக்கட்டு முட்டைக்கோஸாக. ஆடு ஆடேதான். படகிலும் அதே கஞ்சத்தனம்.

எழுதியவர் அல்குயின் என்கிறார்கள். கி.பி. 735 வாக்கில் பிறந்து, யார்க் பேராலயப் பள்ளியில் படித்து, அங்கேயே தலைமை ஆசிரியரானவர். 781-இல் ரோமுக்குப் போய்த் திரும்பும்போது பார்மா நகரில் சார்லமேன் அரசர் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அரசவைக்கு வாத்தியார் வேலை. அவர் பெயரில் ஐம்பதுக்கு மேல் கணக்குகள் வழங்குகின்றன. எல்லாம் அவர் எழுதியவைதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். முதல் கணக்கே அமர்க்களம். குருவி ஒன்று நத்தையை விருந்துக்கு அழைக்கிறது; நத்தை நாளுக்கு ஒரு அங்குலம்தான் நகரும்; எப்போது போய்ச் சேரும்? 246 ஆண்டு 210 நாள். என் கடிதம் அதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டதா இல்லையா, சொல்.

இன்னொன்று கேள். படிப்புக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர் என்று தனித்தனி வாத்தியார் வையுங்கள் என்று யார்க் பேராயருக்கு அல்குயின் எழுதியிருக்கிறார். நமக்கோ கணக்கு, டிரில், ஹார்மோனியம் எல்லாவற்றுக்கும் குட்டை வாத்தியார் ஒருத்தர்தான். அந்த ஹார்மோனியத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில்தான் எனக்கு எரிச்சல். அங்கே செயின்ட் பீட்டர்ஸ் என்ற பள்ளி 627-இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த ஆண்டு ஈஸ்டர் அன்று எட்வின் அரசனுக்கு பாலினஸ் என்ற பாதிரியார் ஒரு சின்ன மரக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார், சரி. ஆனால் ஆறேழு வருஷத்துக்குள் எட்வின் போரில் செத்தான், பாலினஸ் கென்ட்டுக்குப் போய்விட்டார். ஜேம்ஸ் என்ற ஒரு திருத்தொண்டர் மட்டும் வடக்கே தங்கி பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 866-இல் வைக்கிங்குகள் ஊரைப் பிடித்தார்கள். 1069-இல் நார்மன்கள் காலத்தில் பேராலயமே எரிந்தது. இப்போதைய பள்ளிக்குச் சாசனம் மேரி அரசியும் பிலிப்பும் 1557-இல் கொடுத்தது. நடுவில் எத்தனை தடவை அறுந்திருக்கும்! ஆனாலும் 627 என்றே சொல்கிறார்கள். நாடாளுமன்றத்துக்கு அடியில் வெடிமருந்து வைத்த கை ஃபாக்ஸ் அங்கே படித்தவன். நவம்பர் 5 அன்று நாடே அவன் பொம்மையைக் கொளுத்தும்போது இந்தப் பள்ளி மட்டும் கொளுத்தாதாம். பழைய மாணவனாயிற்றே! அதற்காக மன்னித்துவிட்டேன்.

இதையெல்லாம் வளர்த்துவதற்குக் காரணம் உன் இரண்டாவது கடிதம். நம் பள்ளியில் பதினோரு பிள்ளைகள்தான், ஆடிக்குள் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அதை மூன்று தடவை படித்தேன், பதில் எழுத வரவில்லை. மௌனத்துக்கு நிஜமான காரணம் அதுதான், முட்டி இல்லை.

யார்க்கில் ஒரு பெரிய நூலகம் இருந்தது. எல்பெர்ட் என்ற குரு கடல் கடந்து போய்ச் சேர்த்துவந்து, அல்குயினிடம் விட்டுப்போன புத்தகங்கள். பிரான்சில் உட்கார்ந்துகொண்டு, பையன்களை அனுப்பி அவற்றைப் பிரதி எடுத்து வரட்டுமா என்று அரசரிடம் கெஞ்சுகிறார் மனிதர். பிறகு அந்த நூலகம் போன இடம் தெரியவில்லை. அரிஸ்டாட்டில், சிசரோ, வெர்ஜில், பீட் என்று யார் யார் அங்கே இருந்தார்கள் என்பது அவர் ஒரு பாட்டில் அடுக்கிவைத்த பட்டியலால்தான் தெரிகிறது.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன், தட்டாதே. பள்ளி அலமாரியில் அட்மிஷன் ரெஜிஸ்டர் இருக்கும். பழைய பேப்பர்க்காரன் தராசில் அது ஏறுவதற்கு முன்னால், தலைமையாசிரியரிடம் கேட்டு, பேரனை விட்டுப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு. 1961-ஐ முதலில் எடு. ஐப்பசியில் பிறந்த உன்னை ஜூனில் பிறக்க வைத்த அந்தப் பச்சை மைக் கையெழுத்தை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன்,
வைத்தி