ஜன்னலை மூடிவிட்டு இதைப் படி

அன்புள்ள நண்பா,

எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டுவதைத் திட்டிக்கொள், குறுக்கே பேசமாட்டேன். வீட்டில் எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் மகள் இரண்டு பாட்டில்களை வாயோடு வாய் ஒட்டி, உள்ளே தண்ணீரைச் சுழலவிட்டு, "அப்பா, டொர்னாடோ!" என்று தூக்கிக்கொண்டு வந்தாள். மேகத்திலிருந்து தரைவரை புனல் மாதிரி இறங்கிச் சுழன்றடிக்கும் காற்றைத்தான் சொல்கிறாள். "நிஜ டொர்னாடோவை யார் சுற்றிவிடுவது?" என்று கேட்டாள். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மோதுவதால் வருகிறது என்று கம்பீரமாகச் சொன்னேன். "மோதினால் விழத்தானே வேண்டும், ஏன் சுற்றுகிறது?" என்றாள். பரீட்சையில் ஐந்தாவது கேள்வியைப் பார்த்து நீ விழித்தாயே, அப்படி விழித்தேன்.

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. விஷயம் இதுதான். தரையை ஒட்டிக் காற்று மெதுவாகவும், மேலே வேகமாகவும் வேறு திசையிலும் அடிக்கும் நாட்களில், இடையில் அகப்பட்ட காற்று உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிய பென்சில் மாதிரி படுத்தவாக்கில் உருளும். கீழேயிருந்து சூடான ஈரக்காற்று மேலே பாயும்போது அந்த உருளையை நிமிர்த்திவிடுகிறது. உடனே மேகத்தின் உள்ளேயே சுழற்சி. அந்த மேகத்துக்குப் பெயர் சூப்பர்செல். ஆனால் பெரும்பாலான சூப்பர்செல்கள் டொர்னாடோவைப் பெறாமலே கலைந்துபோகின்றன. மழையோடு இறங்கும் காற்று தரையருகே ஒரு சுழற்சியை உண்டாக்கி, மேலே இழுக்கும் காற்று அதை நீட்டி இறுக்கினால்தான் உண்டு. கையை விரித்துச் சுற்றுகிறவர் கையை மார்போடு சேர்த்ததும் வேகம் கூடுமே, அந்தக் கணக்குதான். ஒரு மேகத்தில் இது நடக்கிறது, பக்கத்து மேகத்தில் நடப்பதில்லை. ஏன் என்று இன்றுவரை தீர்மானமாகச் சொல்ல ஆளில்லை. இதை மகளிடம் சொன்னபோது அவள் முகத்தில் எவ்வளவு திருப்தி என்கிறாய்!

அப்புறம், நீ வருடக்கணக்காக அளந்துவரும் ஜன்னல் கதை பொய். உள்ளே இருக்கும் அழுத்தத்தால் வீடு வெடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்தால் தப்பிக்கும் என்பாயே! வீட்டை உடைப்பது காற்றின் வேகமும் அது வீசியெறியும் பொருள்களும்தான். ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்க இன்னும் வசதி. கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத சின்ன அறைக்குள் போய்த் தலையை மூடிக்கொள்ள வேண்டிய நேரத்தில், கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கச் சொல்கிறாயே, பாவி!

ஃபுஜிட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானியைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். 1945 ஆகஸ்டில் இரண்டாவது அணுகுண்டு கொக்குரா நகரத்துக்குத்தான் குறிக்கப்பட்டிருந்தது. மேகமும் புகையும் நகரத்தை மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. கொக்குராவுக்குப் பக்கத்துக் கல்லூரியில் அப்போது இவர் ஆசிரியர். பிறகு நாகசாகியின் இடிபாடுகளுக்குள் நடந்து, எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். அதே கண்ணோடுதான் பிற்பாடு அமெரிக்காவில் டொர்னாடோ போன தடங்களைப் பார்த்தார். 1971இல் அவர் கொடுத்த அளவுகோல், சேதத்தைப் பார்த்துக் காற்றின் வேகத்தை ஊகிப்பது. அதனால் ஒரு வேடிக்கை: 2013இல் ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் வந்த டொர்னாடோவின் அகலம் 4 கிலோமீட்டருக்கும் மேல். ரேடார் அளந்த வேகம் மணிக்கு 450 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனால் அது பெரும்பாலும் வெட்டவெளியில் ஓடியதால் அந்த அளவுகோலின் உச்சமான ஐந்தாம் தரம் கிடைக்கவில்லை, மூன்றோடு சரி. அடித்து நொறுக்க வீடு இருந்தால்தான் மதிப்பெண்!

முன்னறிவிப்புக் கதை இன்னும் ஜோர். 1880களிலிருந்து 1938 வரை அமெரிக்க வானிலை அறிக்கைகளில் 'டொர்னாடோ' என்ற சொல்லுக்கே தடை; ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். 1948 மார்ச் 20இல் ஓக்லஹோமாவில் ஒரு விமானப்படைத் தளத்தை டொர்னாடோ அடித்தது. அங்கிருந்த இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்து வரைபடங்களைப் புரட்டினார்கள். 25ஆம் தேதி, இன்று மறுபடியும் வரும் என்று எழுதிக்கொடுத்தார்கள். அன்று மாலையே, அதே தளத்துக்கு வந்தது. நம் கூட்டத்து ஜோசியர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிச் சொல்லி அடித்திருக்கிறாரா?

இதற்குமேல் எழுதத்தான் கை தயங்குகிறது.

2011 மே 22இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாப்ளின் நகரம். டொர்னாடோ தரையைத் தொடுவதற்கு இருபது நிமிடம் முன்பே சைரன் ஊதிவிட்டது. இருந்தும் சுமார் 160 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களிடம் பிற்பாடு கேட்டபோது, முதல் சைரனுக்கே பதுங்கினோம் என்றவர்கள் குறைவு. பலர் டிவியைப் போட்டார்கள், வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள், இன்னொரு சைரனுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அங்கே டொர்னாடோ எச்சரிக்கை பத்து வந்தால் ஏழு பொய்த்துப்போகும்.

1989 ஏப்ரல் 26இல் வங்கதேசத்தில் தௌலத்பூர், சாட்டூரியா பக்கம் அடித்ததில் 1300 பேர் வரை போனார்கள். பதிவானவற்றில் அதிக உயிர்களை வாங்கியது அதுதான். அதைப் பற்றி எவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால் உனக்கே கோபம் வரும்.

ஜாப்ளினைப் பற்றிப் படித்துவிட்டு, சே, என்ன மனிதர்கள் என்று நினைத்தேன். நான்கே நாள் கழித்து, நள்ளிரவில் எங்கள் கட்டடத்தில் தீ அலாரம் அடித்தது. நான் என்ன செய்தேன் என்கிறாய்? மகளை எழுப்பவில்லை. கதவைத் திறந்து, எதிர்வீட்டுக்காரர் இறங்குகிறாரா என்று பார்த்தேன். அவர் தன் கதவைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை நாற்றம் மாடிப்படியில் ஏறி வரும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம். மின்மீட்டர் பெட்டியில் சின்னத் தீதான், யாரோ அணைத்துவிட்டார்கள். மகள் தூங்கிக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து எனக்குத்தான் சரியாகத் தூக்கம் இல்லை. இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். அதே 2011இல், ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் அலபாமாவில் டொர்னாடோக்கள் வீடுகளிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போன புகைப்படங்களில் சில 300 கிலோமீட்டருக்கு அப்பால் யார் யார் தோட்டத்திலோ விழுந்தன. கண்டெடுத்தவர்கள் ஃபேஸ்புக்கில் போட்டு, உரியவர்களைத் தேடித் திருப்பிக் கொடுத்தார்கள். நாம் நால்வரும் நிற்கும் படம் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பிரதி எடுத்து அனுப்பு. ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாரே, அதுதான். வேறு எதையாவது அனுப்பிவிடாதே.

உன்,
பழைய கடைசி பெஞ்ச்