வெயில் ஊரிலும் கேட்னிப் வளரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பூனை வளர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி, குடற்புழு மருந்து பற்றியெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். பூனைகளை மயக்கும் புதினா குடும்பச் செடியான கேட்னிப்பைப் பற்றிய நான்கு வரிதான் உறுத்தியது. அது ‘பூனைக்குக் கஞ்சா’வாம். ஊட்டி, கொடைக்கானல் தவிர வேறெங்கும் வராதாம். பொடியாக வாங்கிக்கொள்வதுதான் வழியாம். ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வருஷா வருஷம் அது வளர்கிறது என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பொடியிலிருந்தே தொடங்குகிறேன். எப்போது காயவைத்தது, எவ்வளவு நாள் கடையில் கிடந்தது என்று எதுவும் தெரியாது. இலையில் உள்ள எண்ணெய் காற்றோடு போய்விட்டால் மிச்சம் வெறும் சருகுதான். ஆன்லைனில் நான் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்து வைத்தேன். எங்கள் பூனை மீனாட்சி ஒருமுறை மோந்தாள், அப்புறம் அந்தப் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டிக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். அதே மீனாட்சி, பச்சை இலை ஒன்றை விரலால் கசக்கி நீட்டினால் கன்னத்தை வைத்துத் தேய்த்து, எச்சில் ஒழுக, தரையில் புரண்டு, இரண்டு பின்னங்காலாலும் என் செருப்பை உதைப்பாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும். உடனே இன்னொரு இலையை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மறுபடி அந்த மயக்கம் வர ஒரு மணி நேரமாவது ஆகும். இன்னும் கொடு என்று காலைச் சுற்றுவதெல்லாம் கிடையாது. பழக்கத்துக்கு அடிமையாக்காத ஒன்றைக் கஞ்சா என்று எழுதிப் பயமுறுத்துவானேன்?

எங்கள் வீட்டு இன்னொரு பூனையான கருப்பனுக்கு இந்தச் செடி எதுவுமே செய்யாது. அது பூனையின் குறையில்லை, பரம்பரை சமாச்சாரம். மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் இப்படித்தான். குட்டிகளும் மூன்று மாதமாவது ஆகும்வரை கண்டுகொள்ளாது. ஆகவே ‘விதை போலி’ என்று திட்டுவதற்கு முன், பக்கத்து வீட்டுப் பூனையிடமும் ஒரு இலையைக் காட்டிப் பாருங்கள்.

இனி வளர்ப்பு. நம் ஊரில் இதற்குக் காலம்தான் முக்கியம். சித்திரையில் விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்றால் செடி என்ன செய்யும்? ஐப்பசியில், தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் வைத்து விதையுங்கள். விதை கடுகைவிடச் சிறியது, தோல் கெட்டி. ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். மண்ணுக்கு மேலே தூவி, தென்னை நார்த்தூளை மெலிதாகப் போர்த்தினால் போதும். செம்மண், மணல், மண்புழு உரம் கலந்த மண் நல்லது. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அடைமழையில் நாற்றை வெளியே விடாதீர்கள். மார்கழி, தை மாதப் பனியில் இது புதராக அடர்ந்துவிடும். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் பக்கக் கிளை வரும். கிள்ளிய கொழுந்தைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினால் அதுவும் வேர் விடும். பங்குனி முதல் காலை வெயில் மட்டும் படும் இடம் வேண்டும். அப்படியும் அக்னி நட்சத்திரத்தில் பாதி கருகத்தான் செய்யும். அதற்கு முன்பே அறுத்து நிழலில் காயவைத்து, இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் போட்டு வைக்கிறேன். வீட்டில் காய்ந்த அந்த இலைக்கு மீனாட்சி அட்டைப்பெட்டியை விட்டு ஓடி வருகிறாள்.

ஒரு பெரிய தொல்லை, பூனைதான். இளஞ்செடியை ஒரே ராத்திரியில் மொட்டையடித்து, மண்ணில் புரண்டு, தொட்டியையும் சாய்த்துவிடும். எங்கள் தெருவில் மதில் மேல் பூனைக்குப் பஞ்சமே இல்லை. பழைய கம்பிக் கூடையைத் தொட்டியின் மேல் கவிழ்த்துக் கட்டிவிடுவேன். கம்பிக்கு வெளியே நீளும் இலை பூனைக்கு, உள்ளே இருப்பது செடிக்கு.

பூனைகள் இலையைக் கடித்துக் குதறுவதிலும் காரணம் இருக்கிறது. ஜப்பானில் மத்தத்தாபி என்று ஒரு கொடி, அதற்கும் பூனைகள் இப்படியே மயங்கும். இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை வைத்துச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். கொடியின் வாசனைப் பொருளை உடம்பில் தேய்த்துக்கொண்ட பூனைகள் மேல் கொசு குறைவாகவே உட்கார்ந்ததாம். இலை நசுங்கினால் அந்த வாசனை இன்னும் கூடுதலாக வரும் என்பதையும் அடுத்த ஆண்டே காட்டினார்கள். கேட்னிப்பின் வாசனைப் பொருளான நெபெட்டாலாக்டோனும் கொசுவை விரட்டக்கூடியதுதான். கொள்ளிடக்கரைக் கொசுவை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பூனை வளர்ப்பைப் பற்றி எழுதிய உங்கள் கட்டுரையாளர் நம்மூர்க் குப்பைமேனியை எப்படி மறந்தார்? மழை பெய்தால் சாக்கடை ஓரத்தில் தானாக முளைப்பது. வேரோடு பிடுங்கிப் போட்டால் எங்கிருந்தோ பூனை வந்து அந்த வேரில் புரளும். சித்த வைத்தியத்தில் இதற்குப் பூனைவணங்கி என்றே பெயர். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில், வீடில்லாமல் காட்டில் திரியும் பூனைகளைக் கூண்டில் பிடிக்க இந்த வேர் உதவுமா என்று பார்த்தார்கள். அதையொட்டி அதில் பூனையை இழுக்கும் பொருள்கள் எவை என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016-ல் கண்டுபிடித்தார்கள். அவை கேட்னிப்பில் இருப்பதற்கு நெருங்கிய உறவுதான். காசு செலவில்லாமல் உங்கள் பூனைக்கு இது பிடிக்குமா என்று பார்க்க நல்ல வழி. ஆனால் வேரைக் கழுவி, மோந்து விளையாட மட்டும் கொடுங்கள். தின்னக் கொடுக்காதீர்கள், அதில் சயனைடு சார்ந்த பொருள் உண்டு.

கேட்னிப்பை நாலு இலை தின்றால் கெடுதல் இல்லை. அளவு மீறினால் வாந்தி, பேதி வரும். சினைப்பூனைக்கு வேண்டாம். புதினா குடும்பம்தானே என்று கற்பூரவல்லியைக் கிள்ளிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பூனைக்கு ஆகாது. சும்மா மெல்லப் புல் வேண்டுமென்றால் அருகம்புல்லே போதும். கல்யாண வரவேற்பில் கொடுக்கும் பூங்கொத்தில் லில்லி இருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதன் மகரந்தத் தூளை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம். உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. கேட்னிப்பைவிட இதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, விதை விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்னிப் என்று வாங்கி வளர்த்த செடியில் ஒருமுறை கொத்துக் கொத்தாக ஊதாப்பூ பூத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, மீனாட்சி சட்டை செய்யவில்லை. அது அலங்காரத்துக்கு வளர்க்கும் அதன் பங்காளிச் செடி. அசல் செடியின் பூ வெள்ளை, அதில் ஊதாப் புள்ளிகள் மட்டும் இருக்கும். தண்டு துளசியைப் போல நாலு பட்டையாக, இலை சாம்பல் பூத்த பச்சையாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். பாக்கெட்டில் பூனைப் படத்தைப் பெரிதாகப் போடும் கம்பெனிகள், நெபெட்டா கட்டாரியா என்ற தாவரப் பெயரையும் விதை எடுத்த மாதத்தையும் ஓர் ஓரத்திலாவது அச்சிடலாம். நீங்களும் தீபாவளிக்கு முன்பு, விதைக்கும் பருவத்தில், இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்ரீரங்கம்.