கில்வாவுக்கு இன்னொரு முறை போய் வா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். தான்சானியாக் கரையோரம் இருக்கும் கில்வா தீவில், அந்தப் பழைய துறைமுக ஊரில், நீ எடுத்த போட்டோக்கள் வந்தன. "இடிஞ்ச சுவர்தான்மா, அரை மணி நேரத்துல பாத்துட்டுக் கிளம்பிட்டோம்" என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

நீ சாய்ந்து நிற்கிறாயே, பெரிய மசூதியின் சுவர், அதில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள் தெரிகின்றன பார். அது பவளக்கல். கடலுக்குள்ளிருந்து ஈரத்தோடு வெட்டி எடுக்கும்போது செதுக்க வாகாக இருக்கும்; காற்றுப் பட்டால் இறுகிவிடும். அந்தக் கல்லால் 14ஆம் நூற்றாண்டிலேயே குவிமாடங்கள் எழுப்பிவிட்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிக் கொடுத்த ஊர் என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். நம்பாதே. அது அந்தக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலி மக்கள் வளர்த்த ஊர்.

ஜிம்பாப்வே மேட்டுநிலத்துத் தங்கம் தெற்கே, இன்றைய மொசாம்பிக் கரையிலிருந்த சோஃபாலா துறைக்கு வந்து சேரும். அந்த வியாபாரம் கில்வா சுல்தான்களின் கையில் இருந்தது. வாடைக் காற்றோடு வரும் கப்பல்களில் குஜராத்தின் பருத்தித் துணியும் கண்ணாடி மணிகளும் வந்து இறங்கும். தென்மேற்குக் காற்று எழுந்ததும் பொன்னும் தந்தமும் ஏறும். சொந்தமாகச் செப்புக்காசு அடித்தார்கள். காசின் ஒரு பக்கத்துச் சொல் மறுபக்கத்துச் சொல்லோடு இயைபு சேர்ந்து ஒலிக்கும். காசில்கூடக் கவிதை வைத்தவர்களப்பா! 1331இல் அங்கே போன மொராக்கோ பயணி இபின் பதூதா அழகான ஊர் என்று மெச்சி எழுதினார்.

அப்புறம் பட்டத்துக்கு ஓயாத சண்டை. தங்கம் வரும் வழியும் கைமாறத் தொடங்கியது. 1502இல் வாஸ்கோ ட காமா பீரங்கியைக் காட்டிக் கப்பம் வாங்கினார். 1505இல் அல்மெய்தா என்ற போர்த்துக்கீசியத் தளபதியின் படை ஊரைக் கொள்ளையடித்துவிட்டு அங்கேயே கோட்டையும் கட்டியது. அதே ஆண்டு சோஃபாலாவிலும் போர்த்துக்கீசியர் கால் ஊன்றினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. 1512இல் அந்தக் கோட்டையை அவர்களே கைவிட்டுப் போனார்கள். ஏழே வருஷம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, நீ ஹுசுனி குப்வா அரண்மனைப் பக்கம் போகவே இல்லை போலிருக்கிறது. கடலைப் பார்த்த மேட்டில், எட்டு மூலையோடு ஒரு குளம் உண்டு. அதன் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா. மார்ச்சில் பெருமழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் போ. தொப்பி மறக்காதே.

அன்புடன்,
அம்மா