நுரையீரல் பூஞ்சையைக் கண்டறியத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

உறுப்பு மாற்றோ ஸ்டெம் செல் மாற்றோ செய்துகொண்டவரின் நுரையீரலில் பூஞ்சை புகுந்தால், காய்ச்சலும் சளியும் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் அறிகுறிகளையும் அடக்கிவிடும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அந்த இருட்டில் வழிகாட்டிய உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

சி.டி. அறைத் தொழில்நுட்பர்களே, மூச்சு வாங்கும் நோயாளிக்கு முதலில் ஒத்திகை கொடுத்து, முழு மூச்சையும் இழுத்துப் பிடிக்க வைத்தீர்கள். அரை மூச்சில் எடுத்த படத்தில் நல்ல நுரையீரலே மங்கலாகத் தெரியும். பூஞ்சை உண்டாக்கிய முடிச்சைச் சுற்றி மெல்லிய மங்கல் வளையமாகத் தெரியும் ஒளிவட்டம் அந்த மங்கலில் கரைந்துபோகும். 1 மி.மீ. துண்டங்களாக எடுத்துத் தந்தது பேருதவி.

கதிரியக்க மருத்துவர்களே, ஒளிவட்டம் ரத்தக்கசிவின் தடம். ஒரு வாரத்திலேயே மறையத் தொடங்கிவிடும். சிறுநீரகம், கல்லீரல் மாற்றுப் பெற்றவர்களிடம் வராமலே போகலாம். ஆகவே, "ஒளிவட்டம் இல்லை, ஆனாலும் பூஞ்சையை விலக்க முடியாது" என்று நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். நடுவில் மங்கலும் சுற்றிலும் தடித்த விளிம்புமாக இருந்தால் உடனே தொலைபேசியில் அழைத்தீர்கள். அது மியூகர் என்ற வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மருந்து அதனிடம் பலிக்காது, ஆம்போடெரிசின் என்ற மருந்துதான் வேண்டும். சரியான மருந்து கொடுத்தாலும் முதல் 7 முதல் 10 நாட்களில் முடிச்சு பெரிதாகலாம் என்று நினைவூட்டி, அவசரத்தில் மருந்தை மாற்றாமல் காத்ததும் நீங்களே.

மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி பிரிவின் செவிலியர்களே, சி.டி. காட்டிய அதே பிரிவில் உப்புநீரைத் தவணை தவணையாகச் செலுத்தி உறிஞ்சவும், எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது என்று குறிக்கவும் உதவினீர்கள். திரும்பி வந்த நீர் மிகக் குறைவாக இருந்தால் 'இல்லை' என்ற முடிவை நம்ப முடியாது.

நுண்ணுயிரியல் ஆய்வக நண்பர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மியூகரின் இழைகளில் தடுப்புச் சுவர்கள் மிகக் குறைவு. திசுவை அரைத்தால் இழை உடைந்து செத்துப்போகும், வளர்ப்பில் ஒன்றும் முளைக்காது. நீங்களோ திசுவை அரைக்காமல் சிறு துண்டுகளாக நறுக்கினீர்கள். ஒளிரும் சாயமிட்டு அன்றைக்கே நுண்ணோக்கியில் பார்த்தீர்கள். அகன்ற நாடா போன்ற இழையா, சுவர் வைத்துக் கூர்கோணத்தில் கிளைக்கும் ஆஸ்பர்ஜில்லஸா என்று நீங்கள் சொன்ன பிறகே மருந்து உறுதியானது. ஆஸ்பர்ஜில்லஸ் வெளிவிடும் காலக்டோமன்னன் என்ற சர்க்கரைப் பொருளைத் தேடும் பரிசோதனைக்கு முன், "பூஞ்சைத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா?" என்று கேட்டீர்களே, சரியான கேள்வி! அந்த மாத்திரை ரத்தப் பரிசோதனையின் கூர்மையை மழுக்கிவிடும். மியூகரோ காலக்டோமன்னனை வெளிவிடுவதே இல்லை.

மருந்தாளுநர்களே, வோரிகோனசோல், எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை ரத்தத்தில் ஏறவைக்கும்; அதைத் தொடங்கும் அன்றே டாக்ரோலிமஸ் அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னதால் சிறுநீரகங்கள் தப்பின.

லேசான நெஞ்சுவலியைக்கூட மறைக்காமல் சொன்ன நோயாளிகளுக்கும், அதைத் தேதியிட்டுக் குறித்துவைத்த குடும்பத்தாருக்கும் எங்கள் வணக்கம்.

நன்றியுடன்,
மாற்று சிகிச்சைத் தொற்றுநோய்க் குழுவினர்