சிவனடியார் யார் என்று பின்னட்டையில் சொல்லாதீர்கள்

பழைய சரித்திர நாவல்களை மறுபதிப்புச் செய்யும் பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். மலிவு விலைப் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு என்று எல்லார் கைக்கும் எட்டுகிற மாதிரி கிடைக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மாறுவேடத்தில் வரும் ஆள் யார் என்பதைப் பின்னட்டையிலும் முன்னுரையிலும் பாத்திர அறிமுகப் பக்கத்திலும் சொல்லிவிடாதீர்கள்.

என் அக்கா மகள் வாங்கிய 'பார்த்திபன் கனவு' பிரதியில், பின்னட்டைக் குறிப்பிலேயே சிவனடியார் யார் என்று அச்சாகியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் நாவலைத் தொடங்கினாள். கதை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கல்கி அவளுக்காக எடுத்து வைத்திருந்த ஒன்று அவளுக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தை நினைத்துப் பாருங்கள். சோழ மன்னன் பார்த்திபன் குற்றுயிராகக் கிடக்கிறான். சிவனடியார் வந்து தண்ணீர் கொடுக்கிறார். மன்னன் தன் மனத்தில் இருப்பதையெல்லாம் சொல்கிறான், மகனை வீரனாக வளர்க்க வேண்டும் என்று கேட்கிறான். தாங்கள் யார் என்றும் கேட்கிறான். அவர் ஜடாமுடியையும் தாடியையும் எடுத்துத் தன் முகத்தைக் காட்டுகிறார். சாகப் போகிற மனிதன் பார்த்துவிட்டான். நமக்கு மட்டும் கல்கி காட்டவில்லை. அங்கே தொடங்குகிற கேள்வி நாவலின் கடைசிப் பகுதி வரை நம்மை விடுவதில்லை. 1940களின் தொடக்கத்தில் இது 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது, வாசகர்கள் அந்தக் கேள்வியோடு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கூர்ந்து படிக்கிறவர்கள் பாதியிலேயே ஊகித்துவிடுவார்களே என்று நீங்கள் சொல்லலாம். ஊகிக்கட்டும், கல்கியே அதற்கான தடயங்களை விட்டுக்கொண்டுதான் போகிறார். தானாக ஊகித்து, இருக்குமோ இருக்காதோ என்று தவித்து, கடைசியில் சரிதான் என்று கண்டுகொள்வது வாசகருக்குச் சேர வேண்டிய சொத்து. விளம்பர வாசகம் எழுதுகிறவருக்கு அதில் பங்கு கிடையாது.

அதே நாவலில் இன்னொரு வேடமும் இருக்கிறது. செண்பகத் தீவிலிருந்து ரத்தின வியாபாரியாகத் திரும்பி வரும் பார்த்திபனின் மகன் விக்கிரமனை நமக்கு நன்றாகத் தெரியும். அவனை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்றுதான் பதறுகிறோம். என் வாசிப்பில் கல்கியின் பெரிய சாமர்த்தியம் இதுதான்: வியாபாரியின் ரகசியம் நம் கையில் இருக்கிறது என்ற தெம்பில், சிவனடியாரைப் பற்றித் துருவிக் கேட்க மறந்துபோகிறோம். ஒரு வேடத்தைக் காட்டி இன்னொரு வேடத்தை மறைக்கிறார். பின்னட்டையில் ஒரே ஒரு வரி போதும், இந்த ஏற்பாடு முழுவதும் சரிந்துவிடும்.

வாசகருக்கு முன்பே தெரிந்த வேடங்களுக்கும் வேறு வகையான காவல் தேவைப்படுகிறது. இதை மொழிபெயர்ப்பும் சுருக்கமும் வெளியிடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அலெக்ஸாந்தர் டூமாவின் மான்டி கிறிஸ்டோ கதை 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது. எட்மண்ட் டான்டே 14 ஆண்டுகள் சிறையில் கிடந்து, தப்பி, புதையலைக் கண்டெடுக்கிறான். அதற்கப்புறம் டூமா அவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதையே நிறுத்திவிடுகிறார். ஒரு பாதிரியார் வருகிறார், ஓர் ஆங்கிலேயர் வருகிறார், பிறகு ஒரு பிரபு வருகிறார். இவர்தான் அவன் என்று டூமா சொல்வதில்லை, நாம்தான் புரிந்துகொள்கிறோம். நான் படித்த ஒரு தமிழ்ச் சுருக்கத்தில் 'பாதிரியார் வேடத்தில் இருந்த டான்டே' என்று எழுதியிருந்தார்கள். எத்தனை பக்கங்களை வெட்டினாலும் பொறுத்துக்கொள்வேன், அந்த மௌனத்தை வெட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாரிஸில் அவனுடைய பழைய எதிரிகள் அவனோடு கை குலுக்குகிறார்கள், விருந்து உண்கிறார்கள், யாருக்கும் தெரிவதில்லை. ஒரு காலத்தில் அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்து, பிறகு அந்த எதிரிகளில் ஒருவனை மணந்துகொண்ட மெர்ஸிடீஸ் மட்டும் அவனைக் கண்டதும் வெளிறி நிற்கிறாள். பிறகு தன் வீட்டு விருந்தில் அவனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்த் திராட்சைக் குலையை நீட்டுகிறாள். அவன் தொடுவதில்லை. ஒருவர் வீட்டில் ரொட்டியும் உப்பும் உண்டவர் அந்த வீட்டுக்குப் பகையாக முடியாது என்ற அரபு வழக்கம் இருவருக்கும் தெரியும். நம் நளவெண்பாவில் வாகுகனாக உருமாறிப்போன நளனை, அவன் சமைத்த உணவின் சுவையை வைத்துத் தமயந்தி அறிகிறாள். அங்கே உண்ட சோறு ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. இங்கே உண்ண மறுத்த பழம், வந்தவன் எதற்காக வந்திருக்கிறான் என்பதைக் காட்டிவிடுகிறது. இந்தக் காட்சியைச் சுருக்கத்தில் 'அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டாள்' என்று ஒரே வரியில் முடித்தால், சாகசக் கதையில் சண்டை மட்டும்தான் மிஞ்சும். வாள்வீச்சு எந்தக் கதையிலும் கிடைக்கும்.

ஆய்வு முன்னுரைகளுக்கு நான் எதிரி இல்லை. பல்லவர் வரலாற்றையும் கல்கியின் கற்பனையையும் பிரித்துக் காட்டும் நல்ல கட்டுரைகளை விரும்பிப் படிக்கிறவன். அவற்றைப் பின்னுரையாகப் போடுங்கள். வம்சாவளிப் படத்தில் கற்பனைப் பாத்திரங்களையும் சேர்ப்பதாக இருந்தால் அதுவும் புத்தகத்தின் கடைசிக்குப் போகட்டும். பாத்திர அறிமுகத்தில் 'சிவனடியார்' என்று மட்டும் இருந்தால் போதும், பக்கத்தில் அடைப்புக்குறி வேண்டாம். அட்டைக்குப் படம் வரைகிறவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

எல்லாருக்கும் தெரிந்த கதைதானே என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். படித்தவர்களுக்குத் தெரியும், சரி. உங்கள் மறுபதிப்பை வாங்குகிறவர்களில் பலர் முதல்முறை படிக்கப் போகிறவர்கள். பதினான்கு பதினைந்து வயதில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. அடுத்த அச்சுக்கு அனுப்பும் முன், பின்னட்டை வாசகத்தை இந்த நாவலை இன்னும் படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சிவனடியார் யார் என்று பிறகு அவரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரிந்திருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்