மாத்திரை வாங்க வரும் நாளிலேயே வாயையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. எத்தனை உயிர்களைக் காத்த மாத்திரை அது! நாக்கில் வெள்ளையாகப் படரும் பூஞ்சைத் தொற்றும், கபோசி சர்கோமா என்ற புற்றுநோயும் இந்தச் சிகிச்சையால் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஹெச்.பி.வி. என்ற, பெரும்பாலும் உடலுறவால் பரவும் வேறொரு வைரஸால் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்றவை அப்படிக் குறையவில்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட 6 மடங்கு. அவர்களுக்கு 25 வயதிலிருந்தே பரிசோதனை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்புறம் வாயில் மரு, வறட்சி, ஈறு நோய். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இவை வருகின்றன. பல் டாக்டரிடம் நோயைச் சொன்னால் முகம் மாறுமோ என்று பயந்தே பலர் போவதில்லை. மாத்திரை வாங்க வரும் நாளிலேயே, அதே கட்டடத்தில், கருப்பைவாய், வாய் ஆகிய இரண்டு பரிசோதனைகளையும் அரசு செய்து தர வேண்டும்.

- ஒரு வாசகி, மதுரை